ஆடு மேய்ந்த எட்டாவது வரிசை

ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு வரதுவின் முகம் தெரியாது, கை தெரியும். ரயில் நிலையத்து டிக்கெட் ஜன்னலின் ஓட்டை அவ்வளவு சின்னது. காசை உள்ளே தள்ளினால் ஓர் ஒல்லியான கை டிக்கெட்டோடு வெளியே வரும். கட்டைவிரலில் தேதி குத்தும் யந்திரத்தின் கறுப்பு மசி, மற்ற விரல்களில் பச்சைக் கறை. கறுப்பு உத்தியோகத்தால் வந்தது. பச்சை எப்படி வந்தது என்று எப்போதாவது யாராவது கேட்பார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்: "நந்தவனம் இருக்கு ஸ்வாமி. நீங்க எந்த ஊர்னு சொல்லுங்கோ, பின்னாடி நிக்கறா பாருங்கோ."

அந்த நந்தவனம் ஊருக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக்குப் போகும் வண்டிப்பாதையை ஒட்டி இருந்தது. ஒரு மா அளவு நிலம், ஒரு கிணறு, சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே எட்டு வரிசை மல்லிகை, வரிசைக்கு இருபது செடி. வரதுவின் கொள்ளுத்தாத்தா பெருமாளுக்கென்று எழுதி வைத்த நிலம் அது. பங்காளிகள் ஆறு குடும்பம். ஆனால் விடிகாலையில் எழுந்து தண்ணீர் இறைத்துப் பூப் பறிக்கிற பங்கு மட்டும் வரதுவின் தகப்பனாருக்கு வந்தது. அவருக்குப் பிறகு வரதுவுக்கு வந்தது. அவர் அதை ஒரு சுமையாக நினைக்கவில்லை. பகல் முழுவதும் கூட்டத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு, யாரும் அவசரப்படுத்தாத இரண்டு மணி நேரம் அங்கேதான் இருந்தது.

தினப்படிக்குப் பூ எவ்வளவு வந்தாலும் சரி. பங்குனி உத்திரம் அப்படியல்ல. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெருமாள் தாயார் சந்நிதிக்கு எழுந்தருளி இருவரும் சேர்ந்து சேவை சாதிப்பார்கள். அன்றைக்குச் சாத்துவதற்கு இந்தத் தோட்டத்துப் பூவில் ஒரு மாலை போக வேண்டும் என்பது கொள்ளுத்தாத்தா வைத்த ஏற்பாடு.

தகப்பனார் வைத்த ஏற்பாடு வேறொன்று. மொட்டு விட்ட செடியில் இரும்பு படக் கூடாது. "மொட்டு வந்த நிமிஷமே அது பெருமாளோடது. அதைத் தாங்கற கிளையும் அவரோடதுதான்" என்பார். சொல்லக் கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மல்லிகைச் செடியில் எந்த மாதம் தேடினாலும், எங்கேயாவது ஓர் இணுக்கில், அரிசி அளவுக்கு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே எந்த மாதமும் வெட்ட முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் வெட்டவில்லை.

செடிகள் புதராகி, புதர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வரிசைக்கு நடுவே நடக்க இடமில்லாமல் போனது. கீழெல்லாம் விறகு, மேலே கொஞ்சம் இலை, அதற்கும் மேலே, ஏணி வைத்தால் எட்டுகிற உயரத்தில், நாலைந்து பூ. மூன்று வருஷமாகப் பங்குனி உத்திரத்துக்குத் திருச்சி பூக்கடையிலிருந்து பூ வாங்கி வந்து, அதன் நடுவில் தோட்டத்துப் பூவை அங்கங்கே வைத்துக் கட்டி ஒப்பேற்றியாயிற்று.

1935ஆம் வருஷம் கார்த்திகை மாதம் பங்காளிகள் கூடினார்கள். வரதுவின் சித்தப்பா அழகியமணவாளன்தான் பேசினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விடை வருகிற மாதிரி பேசுவார்.

"டேய் வரது, கடையிலே பூ வாங்கிக் குடுக்கறதுக்கு நந்தவனம் எதுக்குடா? வாழையை வெச்சா தாராவது சமர்ப்பிக்கலாம். இந்தப் பங்குனி வரைக்கும் பார்க்கறேன். மாலை முழுக்க நம்ம தோட்டத்துப் பூவா இருந்தா சரி. இல்லேன்னா சித்திரையிலே எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு வாழைக் கட்டை நட்டுடலாம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். சித்தப்பா தப்பாகப் பேசியிருந்தால் வரது பதில் சொல்லியிருக்கலாம்.

அடுத்து வந்தது வைகுண்ட ஏகாதசி. ஸ்பெஷல் வண்டி மேல் ஸ்பெஷல் வண்டி. டிக்கெட் ஜன்னலில் ஒரே சமயத்தில் ஆறு கை நுழைந்தது. வரது இரண்டு நாள் நிலையத்திலேயே கிடந்தார். அவர் மனைவி குமுதவல்லி, "நீங்க கவலைப்படாதேங்கோ, செடிக்கு நான் ஜலம் விட்டுடறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். சொன்ன அன்றைக்கே வீட்டில் வெளியூர் உறவுக்காரர்கள் இருபத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். அவளுக்கு அடுக்களையை விட்டு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வரது தோட்டத்துக்குப் போனார். வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வேலியோரம் இருந்த எட்டாவது வரிசையைக் காணோம். இருபது செடியும் முழங்கால் உயரத்துக்குக் கட்டை கட்டையாக நின்றன. நடுவில் நாலு வெள்ளாடுகள் படுத்துக்கொண்டு, விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடுகிற மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அவர் கம்பை ஓங்குவதற்குள் வேலிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "ஐயோ சாமி, அடிச்சிடாதீங்க! ஒண்ணு சினையா இருக்கு!"

ஓட்டை வழியாக ஒரு பெண் புகுந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் வெள்ளையம்மாள் என்று பிறகு தெரிந்தது. ஊர் உப்பிலியபுரம். புருஷன் பெரியண்ணனுக்கு ரயில்பாதைக் கேங்கில் வேலை கிடைத்ததால், கொள்ளிடம் பாலத்துப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"உன் ஆடா இதெல்லாம்?"

"என்னுதுதாங்க."

"ஆட்டை அவுத்து விட்டுட்டு நீ எங்கே போயிருந்தே?"

"சொர்க்கவாசல் பாக்கத்தாங்க போயிருந்தேன்."

அவளுக்கு டிக்கெட் கொடுத்ததே அவர் கையாக இருந்தாலும் இருக்கும் என்று நினைத்த வரது, பாலத்தடியிலிருந்து ஸ்ரீரங்கம் வர டிக்கெட் எதற்கு என்று தன்னையே கோபித்துக்கொண்டார். அந்தக் கோபமும் சேர்ந்து அவள்மேல் பாய்ந்தது.

"இது பெருமாள் தோட்டம் தெரியுமா? பறிக்கறச்சே நாங்க பூவை மோந்துகூடப் பார்க்க மாட்டோம்!"

வெள்ளையம்மாள் ஆடுகளைப் பார்த்தாள், கட்டைகளைப் பார்த்தாள். "அதுங்க மோந்து பாத்துட்டுத் தின்னுச்சா, மோக்காமத் தின்னுச்சான்னு மட்டும் கேட்டுடாதீங்க சாமி. நான் ஊருல இல்லை."

வரதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக இன்னும் கொஞ்சம் திட்டினார். கடைசியில் ஒரு தண்டனை சொன்னார்: வேலியை முள் வைத்து அடைக்க வேண்டும், பட்டுப்போகாமல் இருக்க அந்த வரிசைக்கு ஒரு மாதம் அவளே தண்ணீர் ஊற்ற வேண்டும். அவள் தலையில் போட்டிருந்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்போதே கிணற்றுக்குப் போனாள்.

அதன் பிறகு எட்டாவது வரிசைப் பக்கம் வரது திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற ஏழு வரிசையிலும் ஏணியைச் சாய்த்துச் சாய்த்துத் தினமும் ஒரு பிடி பூப் பறித்தார். ஒரு பிடிக்கும் பங்குனி மாலைக்கும் எவ்வளவு தூரம் என்று மனம் கணக்குப் போடும். கணக்கு வாத்தியார் சித்தப்பாவின் குரலிலேயே விடையும் சொல்லும். வெள்ளையம்மாள் வருவதும் குடத்தைக் கவிழ்ப்பதும் காதில் விழும். அவள் தண்ணீரோடு நிறுத்தவில்லை. செடிக்குச் செடி மண்ணைக் கொத்திவிட்டு, ஒரு கூடை ஆட்டுப் புழுக்கையும் போட்டு வைத்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. பெருமாள் தோட்டத்தில் புழுக்கை போடலாமா என்று கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

தை மாதம் கடைசி வாரத்தில் ஒரு காலை அவள் கூப்பிட்டாள். "சாமி, ஏணியை விட்டு இறங்கிக் கொஞ்சம் இங்க வாங்க."

வந்தார். வந்தவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கட்டைகளைக் காணோம். ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு புதுக் கிளைகள், வெளிர்ப் பச்சையாக, விரல் வைத்தால் கசங்கிவிடும் போல. கிளைக்குக் கிளை நுனியில் மூன்று மூன்றாக மொட்டு. ஒரே செடியில் எண்ணினார். நாற்பத்தாறு. ஏழு வரிசையிலும் சேர்த்து அன்றைக்கு அவர் பறித்தது முப்பதுகூட இல்லை.

"என்ன பண்ணினே நீ?"

"நான் எங்க பண்ணினேன்? எங்கூருல தை மாசம் முருங்கையைக் கழிச்சு விடுவோம். விடலைன்னா வானத்தைப் பாத்து ஓடும். காயும் அங்கனயேதான் காய்க்கும், காக்காய்க்கு. கழிச்சு விட்டா கைக்கு எட்டுற மாதிரி துளுக்கும். பூச்செடியும் அப்படித்தான் போலிருக்கு."

"பெருமாள் மல்லிகையைக் கொண்டுபோய் முருங்கையோடயா சேர்க்கறே?"

"நான் சேக்கலைங்க. ஆடு சேத்துடுச்சு."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஆடு மேய்ந்தது ஏகாதசியன்று. இன்றைக்கு முப்பத்து நாலாம் நாள், மொட்டு. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஐம்பத்தேழு நாள் இருந்தது. இன்றோ நாளையோ மற்ற ஏழு வரிசையையும் வெட்டினால் காலம் போதும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் இழுபறி. வெட்டலாமா என்பதுதான் கேள்வி. ஏழு வரிசையிலும் மொட்டு இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

அன்று மத்தியானம் இலையில் சாதம் ஆறிப்போனது. குமுதவல்லி எதிரே உட்கார்ந்து விசிறியை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஆடு கடிச்ச செடி" என்றார் வரது. "அதோட பூவே சமர்ப்பிக்கலாமா கூடாதான்னு தெரியலை. எச்சில் இல்லையோ?"

"கடிச்சது பழைய கிளை. அது ஆடு வயித்துக்குப் போயாச்சு. இப்போ வந்திருக்கறது புதுசு. மாடு மேய்ஞ்ச இடத்துல அருகம்புல் மறுபடி முளைக்கறது, அதை யாரும் எச்சில்னு சொல்றாளா?"

"சரி, அது போகட்டும். மத்த ஏழு வரிசை? இரும்பு படப்படாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரே."

"ஏன் சொன்னார்?"

"மொட்டு வீணாப் போயிடப்படாதுன்னு."

"அப்போ வீணாப் போகாம வெட்டுங்கோ."

வரது நிமிர்ந்து பார்த்தார். குமுதவல்லி விரலை நீட்டி மாடத்தில் இருந்த செம்பைக் காட்டினாள். "போன மாசம் காத்துல ஒடிஞ்சு விழுந்ததுன்னு ஒரு கொப்பைக் கொண்டு வந்தேளே, ஞாபகம் இருக்கா? அந்தச் செம்புல ஜலம் விட்டு வெச்சேன். மூணு மொட்டு இருந்தது. மறுநாள் சாயங்காலம் மூணும் மலர்ந்துது. நம்மாத்துப் பெருமாளுக்கு நீங்கதான் சாத்தினேள். செடியை விட்டு வந்தும் அது பெருமாள்கிட்டத்தானே போச்சு?"

"அது மூணு மொட்டு."

"நம்மாத்துல பாத்திரத்துக்கா பஞ்சம்? ஏகாதசிக்கு எறக்கின அண்டாவையே இன்னும் பரண்ல ஏத்தலை."

மறுநாள் வரது லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து "குடும்பக் காரியம்" என்று எழுதினார். ஒரு மாட்டு வண்டியில் இரண்டு அண்டா, நாலு தவலை, ஏழு குடம். வெள்ளையம்மாள் சாணை பிடித்த இரண்டு அரிவாளோடு காத்திருந்தாள்.

முதல் செடி. வரது அரிவாளை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது.

"கண்ணை மூடிக்கிட்டு வெட்டாதீங்க சாமி, விரலு போயிடும்" என்றாள் வெள்ளையம்மாள். "முட்டி உசரத்துக்கு. சாய்ச்சு வெட்டுங்க, தண்ணி நிக்கக் கூடாது."

வெட்டினார். கையில் வந்த கிளை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இத்தனை நாள் இதையெல்லாம் இந்தச் செடி தூக்கிக்கொண்டு நின்றதா என்றுதான் முதலில் தோன்றியது.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. அவரும் வெள்ளையம்மாளும் வெட்ட வெட்ட, குமுதவல்லி ஒவ்வொரு கிளையையும் நுனியிலிருந்து அடி வரை கண்ணால் தடவினாள். மொட்டு இருக்கிற கொப்பு தனியாகத் தண்ணீருக்குள். இல்லாதது வேலிக்கு அந்தப் பக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு ஆடுகளும் இந்தத் தடவை முறைப்படி கட்டப்பட்டு, முறைப்படி தின்றன. கிணற்றடியில் ஒரு செடி, தகப்பனார் தன் கையால் வைத்த முதல் பதியன், கடைசி வரை நின்றது. வெள்ளையம்மாள் அதன் பக்கம் போகவில்லை. "இது உங்களுது" என்று அரிவாளைக் கழுவப் போய்விட்டாள். வரது அதையும் வெட்டினார். அதில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. அந்தக் கொப்பை மட்டும் தண்ணீரில் போடாமல் வீடு வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

வண்டி புறப்படுகிற நேரத்துக்கு யார் சொன்னார்களோ, சித்தப்பா வந்துவிட்டார். வேலிப் படலைத் திறந்து உள்ளே பார்த்தவர் குடையை மடக்கினார்.

"திருப்பதிக்குப் போயிட்டு வந்த மாதிரின்னா இருக்கு! மொத்தமா மொட்டை அடிச்சுட்டியேடா! நான் சித்திரைன்னு சொன்னேன், நீ தையிலேயே வாழைக்கு இடம் பண்ணிட்டியா?"

"பங்குனி வரைக்கும்னு சொன்னேளே சித்தப்பா."

"அண்ணா இருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியுமா?"

"தெரியாது" என்றார் வரது. அது உண்மை. அந்த ஒரு கேள்விதான் அவரைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

அண்டாக்களோடு வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது வாசலில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "குமுதா, யாராத்துல கல்யாணம்? சொல்லவே இல்லையே!" என்றாள் ஒருத்தி. "பந்தக்கால் எல்லாம் ஒல்லியா இருக்கே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. குமுதவல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "வாங்கோ, நாளைக்குச் சாயங்காலம் வாங்கோ, சாப்பாடு கிடையாது" என்று இரண்டு பேரையும் அழைத்தாள்.

வந்தார்கள். தெருவே வந்தது. கூடம் முழுக்க அண்டாவும் தவலையும் குடமும். அவற்றில் காய்ந்த குச்சி போலக் கிளைகள். கிளைகளின் நுனியில் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஒவ்வொன்றாக விரிந்தது. எல்லாம் விரியவில்லை. அரிசி அளவில் இருந்தவை வாடிப்போயின. வரது அவற்றை ஓர் இலையில் சேர்த்து, மறுநாள் கிணற்றடிச் செடியின் வேரில் கொண்டுபோய்ப் போட்டார். விரிந்தவற்றைக் கட்டியதில் இரண்டே கால் முழம் வந்தது. அந்தத் தோட்டத்துப் பூ மட்டுமே கொண்டு கட்டி, நடுவில் கடைப்பூ சேராமல், சந்நிதிக்குப் போன இவ்வளவு நீளமான சரம் மூன்று வருஷத்தில் அதுதான் முதல். கையில் பிடித்து வந்த கொப்பின் ஒற்றைப் பூவை வீட்டுப் பெருமாளுக்குச் சாத்திவிட்டு, வரது அதன் எதிரே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அரித்துக்கொண்டிருந்த கேள்வி கொஞ்சம் அடங்கியிருந்தது.

அப்புறம்தான் கஷ்டகாலம். நாள் ஐந்து, ஏழு, பத்து. நூற்று நாற்பது கட்டைகளில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. எட்டாவது வரிசை மட்டும் ஒரு கல்யாண வீட்டுக்காரன் மாதிரி குலுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க மற்றவை இன்னும் செத்த மாதிரி தெரிந்தன. ஆட்டுப் பல்லுக்கு வந்த கைராசி தன் அரிவாளுக்கு இல்லையோ என்று வரதுவுக்குச் சந்தேகம். தோட்டத்திலிருந்து நிலையத்துக்கு வந்தால் மனம் பின்னாலேயே இருந்தது. "நான் லால்குடி கேட்டேன், நீங்க அரியலூர் குடுத்திருக்கீங்களே" என்று ஒரு கை டிக்கெட்டைத் திருப்பி உள்ளே தள்ளியது. அவர் உத்தியோகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

மாசி பிறந்து பத்து நாளிருக்கும். காலை வண்டிக்கு ஜன்னலில் நல்ல கூட்டம். காசோடு ஒரு கை, மஞ்சள் பையோடு ஒரு கை, அதற்குப் பின்னால் காசே இல்லாமல் ஒரு கை நுழைந்தது. மண் காயாத கை. விரல்களுக்கிடையில் அரை விரல் நீளத்துக்கு ஒரு தளிர், செம்பழுப்பாக, பிறந்த குழந்தையின் காதுமாதிரி.

"எந்த ஊர்?" என்றார் வரது பழக்கத்தில்.

"ஊரு வேணாம் சாமி. இதைப் பாருங்க. ஒண்ணே ஒண்ணுதான் கிள்ளினேன், திட்டாதீங்க."

"ஏம்மா, வண்டி வந்துடும்மா!" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

"எல்லாத்துலயுமா?" என்றார் வரது ஓட்டையில் வாயை வைத்து.

"எல்லாத்துலயும்ங்க. உங்க கெணத்தடிச் செடியிலயும்."

வரது அந்தத் தளிரை வாங்கி டிக்கெட் அடுக்குகளுக்கு மேலே வைத்தார். அன்று லால்குடி கேட்டவர்களுக்கெல்லாம் லால்குடியே கிடைத்தது. சில்லறை மட்டும் எண்ணாமலே கொடுத்தார் என்று சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

பங்குனி உத்திரத்தன்று விடிகாலை வரதுவும் குமுதவல்லியும் வெள்ளையம்மாளும் தோட்டத்தில் இருந்தார்கள். ஏணி தேவைப்படவில்லை. குனிந்தால் போதும். பூக்குடலை நிரம்பியது, இன்னொரு குடலை நிரம்பியது, குமுதவல்லி புடவைத் தலைப்பை விரித்தாள். கிழக்கு வெளுக்கும்போது ஐந்து குடலை. அப்போதும் செடிகளில் வெள்ளையாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் சித்தப்பா. பக்கத்தில் வாழையிலையில் சுற்றிய பெரிய பொட்டலம். திருச்சியிலிருந்து முதல் நாளே வரவழைத்த மாலை. "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன். உன்னை நம்பி உத்திரத்தை விட முடியுமா?" என்று ஆரம்பித்தவர், குடலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். மூன்றாவது குடலைக்கு எழுந்து நின்றார். ஐந்தாவது வந்ததும் மேல் வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நாரை எங்கே வெச்சிருக்கே?" என்றார்.

எல்லாரும் உட்கார்ந்து கட்டினார்கள். சித்தப்பாவின் கை வேகம் யாருக்கும் இல்லை. முக்கால் மாலை முடிகிற சமயம் நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அண்ணா சொன்னதை நீ மீறினேன்னு யாராவது சொன்னா நம்பாதே. மொட்டு வீணாகப்படாதுங்கறதுதான் அவர் சொன்னதுக்குத் தாத்பர்யம். நான் அப்பவே சொல்லணும்னு இருந்தேன்."

குமுதவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

அன்று சேர்த்தி சேவையில் அந்த மாலை சாத்தியிருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, எட்டி எட்டிப் பார்த்து, வரது கண்ணில் நீரோடு கைகூப்பினார். யாருக்கு நன்றி சொல்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை, ஆனால் பட்டியல் நீளமாக இருந்தது: பெருமாள், தாயார், தகப்பனார், பெண்டாட்டி, வெள்ளையம்மாள், அவள் ஆடுகள், அந்த இருபத்து மூன்று விருந்தாளிகள்கூட. அவர்கள் வந்திராவிட்டால் குமுதவல்லி தோட்டத்துக்குப் போயிருப்பாள். போயிருந்தால் ஆட்டை விரட்டியிருப்பாள். சித்திரையில் வாழைக் கட்டை பற்றி யாரும் பேசவில்லை. சித்தப்பா வாங்கிய மாலை அன்று மாலையே வேறொரு சந்நிதிக்குப் போயிற்று.

வரது 1947 வரை அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் தை கடைசி வாரம் லீவு எழுதுவார். காரணம் "குடும்பக் காரியம்". முந்தின நாள் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு பாலத்தடிக் குடிசைக்குப் போய், "நாளைக்குக் கழிக்கறோம். ஆட்டையெல்லாம் அழைச்சுண்டு வரணும்" என்று கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைப்பார். பெரியண்ணன் முதல் வருஷம் இதைக் கேட்டுப் பயந்தே போனானாம், ஏதோ பிராது கொடுக்க வந்திருக்கிறார் என்று. தெருவில் அண்டா வண்டி வருகிற நாளை எல்லாரும் எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். மறுநாள் சாயங்காலம் கூடத்தில் கூட்டம் சேரும்.

அந்த முதல் உத்திரத்துக்கு மறுநாள் நடந்ததைத்தான் வரது கடைசி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சேர்த்தி மாலையிலிருந்து கிடைத்த பிரசாதப் பூவில் பெரிய துண்டாக ஒன்றை வெள்ளையம்மாளுக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை அவள் தோட்டத்துக்கு வந்தபோது தலையில் பூவைக் காணோம்.

"பிரசாதம் எங்கே?"

"வேலை செஞ்சது நான் மட்டும் இல்லீங்களே சாமி. பாதியைத் தலையில வெச்சுக்கிட்டேன், பாதியை அந்தச் சினை ஆட்டுக் கழுத்துல கட்டினேன். போன மாசம் குட்டி போட்டுச்சுல்ல, அந்தக் குட்டி வந்து... ரெண்டையும் தின்னுடுச்சுங்க."

வரது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

"மோந்து பார்த்துதா?"

"பாத்துச்சுங்க" என்றாள் வெள்ளையம்மாள். "நல்லா மோந்து பாத்துட்டுத்தான் தின்னுச்சு."